சிரிப்பு யார்மேல் விழுகிறது? கெர்பிராண்ட் பிரேடரோவின் நாடகங்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஐரோப்பிய நகைச்சுவை நாடகம் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் ஷேக்ஸ்பியரும் மோலியேரும்தான். அவர்களில் ஒருவரை எடுத்துக்கொண்டிருந்தால் என் வேலை எளிதாகியிருக்கும். நான் பேசப்போகிறவர் தம் நாட்டுக்கு வெளியே அதிகம் அறியப்படாதவர். பெயர் கெர்பிராண்ட் அட்ரியான்ஸோன் பிரேடரோ. ஆம்ஸ்டர்டாம்காரர். ஷேக்ஸ்பியர் இருந்த காலத்தில் எழுதியவர். மோலியேர் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனவர். வாழ்ந்தது 33 ஆண்டுகள். நாடகம் எழுதியது அதில் ஏழெட்டு ஆண்டுகள்தான்.

அவருடைய மிகச் சிறந்த நாடகம் பிழைக்க வந்த வெளியூர்க்காரன் ஒருவனைக் கேலி செய்வது. அப்படித்தான் அதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கேலியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம் என்பதே இன்றைய என் எண்ணம். வெளியூர்க்காரனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் நாடகம், திரை விழும்போது யாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேட, அவர் பிறந்த ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

1585

பிரேடரோ பிறந்தது 1585 மார்ச் 16. அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று ஆன்ட்வெர்ப் நகரம் ஸ்பானியப் படைகளிடம் சரணடைந்தது. ஆன்ட்வெர்ப் அன்றைய வட ஐரோப்பாவின் பெரிய வணிக நகரம். பிராபாண்ட் என்ற தென் மாநிலத்தைச் சேர்ந்தது. ஸ்பெயின் மன்னரின் ஆட்சி திரும்பியதும் புராட்டஸ்டண்டுகளுக்கு நான்கு ஆண்டு கெடு விதிக்கப்பட்டது. கத்தோலிக்கத்துக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் சொத்தை விற்றுக்கொண்டு வெளியேற வேண்டும். சில ஆண்டுகளுக்குள் அந்த ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது.

வெளியேறியவர்களில் பெரும் பகுதியினர் வடக்கே போனார்கள். 1585 வாக்கில் சுமார் 30,000 பேர் இருந்த ஆம்ஸ்டர்டாம், 1622 கணக்குப்படி ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் வெறுங்கையோடு வந்த அகதிகள் என்று நினைத்துவிடக் கூடாது. பெரு வணிகர்கள், அச்சகக்காரர்கள், ஓவியர்கள், சர்க்கரை காய்ச்சுபவர்கள், பட்டு நெய்பவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் வந்தார்கள். முதலும் தொழில்நுணுக்கமும் அவர்களோடு வந்தன. 1602இல் கிழக்கிந்தியக் கம்பெனி, 1609இல் நகர வங்கி, 1611இல் பங்குச் சந்தைக் கட்டடம் என்று ஆம்ஸ்டர்டாம் வளர்ந்ததில் தெற்கிலிருந்து வந்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பழைய ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வகையில் வரம், ஒரு வகையில் எரிச்சல். பிராபாண்டுக்காரர்கள் நன்றாக உடுத்துவார்கள். பேச்சில் பிரெஞ்சுச் சொற்களைக் கலப்பார்கள். தங்கள் ஊர்ப் பெருமையை ஓயாமல் பேசுவார்கள். உள்ளூர்க்காரன் காதுக்கு அது அலட்டலாகக் கேட்டது. பிரேடரோ வளர்ந்தது இந்த எரிச்சலும் இந்த வளமும் ஒன்றாகப் பெருகிய ஊரில்.

செருப்புத் தைப்பவரின் மகன்

அவர் பிறந்த தெரு நெஸ். குறுகலான பழைய வணிகத் தெரு. அப்பா அட்ரியான் செருப்புத் தைக்கும் தொழிலில் தொடங்கி, வீடு மனை வாங்கி விற்று, நகரத்தின் சுங்க வரி வசூலையும் குத்தகைக்கு எடுத்து வசதியானவர். குடும்பம் குடியிருந்த வீட்டின் பெயரே குடும்பப் பெயராகி ஒட்டிக்கொண்டது.

பையனை ஓவியம் கற்க அனுப்பினார்கள். குரு பிரான்செஸ்கோ படென்ஸ். இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். படென்ஸ் ஆன்ட்வெர்ப்பில் பிறந்தவர். பிராபாண்டுக்காரனைக் கேலி செய்து நாடகம் எழுதப்போகிறவருக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே ஒரு பிராபாண்டுக்காரர்தான். பிரேடரோ வரைந்ததாக உறுதியாகச் சொல்லக்கூடிய ஓவியம் எதுவும் இன்று கிடைக்கவில்லை. வாழ்க்கைக்கு மிக நெருங்கி வருபவனே நல்ல ஓவியன் என்ற பட்டறைப் பாடத்தை மட்டும் அவர் எழுத்துக்குக் கொண்டுவந்தார். தம் பாடல் தொகுப்பின் முன்னுரையில் இதை அவரே சொல்கிறார்.

அவர் வளர்ந்த நெஸ் தெருவில் இறைச்சிச் சந்தைக்கு மேல்மாடியில் ‘எக்லன்டியர்’ என்ற கவிஞர் சங்கம் கூடியது. காட்டு ரோஜா என்பது பெயரின் பொருள். கீழே கறி வெட்டும் சத்தம், மேலே கவியரங்கம். பி. சி. ஹோஃப்ட், ரூமர் விஸ்ஸர் போன்ற படித்த பெருங்குடிமக்கள் உறுப்பினர்கள். நெதர்லாந்து மொழிக்கு அச்சில் வந்த முதல் இலக்கண நூலை 1584இல் வெளியிட்டது இந்தச் சங்கம்தான். பிறமொழிக் கலப்பைக் களைந்து மொழியைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

தெற்கிலிருந்து வந்தவர்களுக்கு ‘வெள்ளை லாவெண்டர்’ என்று தனிச் சங்கம் இருந்தது. பின்னாளில் நெதர்லாந்தின் பெருங்கவிஞராக மதிக்கப்பட்ட வோண்டல் அதில்தான் தொடங்கினார். அவருடைய பெற்றோர் ஆன்ட்வெர்ப்பை விட்டு வெளியேறியவர்கள்.

எக்லன்டியரில் சேர்ந்த பிரேடரோவுக்கு லத்தீன் புலமை கிடையாது. பள்ளியில் படித்த கொஞ்சம் பிரெஞ்சு மட்டும் உண்டு. படித்தவர்கள் கூடும் அவையில் இது குறைதான். ஆனால் லத்தீன் வராதவருக்கு மீன் சந்தையின் வசவு வந்தது. குடியானவன் பேரம் பேசும் விதம் வந்தது. சாராயக் கடைக்காரியின் நாக்கு வந்தது.

மாட்டைத் திருடியவனும் விற்றவனும்

1612 வாக்கில் அவர் சிறு பிரகசனங்கள் எழுதத் தொடங்கினார். பெரிய நாடகம் முடிந்தபின் கூட்டத்தைச் சிரிக்கவைத்து அனுப்ப ஆடப்படும் குறுநாடகங்கள் இவை. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது ‘பசுமாட்டுப் பிரகசனம்’. ஒரு திருடன் ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே ஒரு குடியானவன் வீட்டில் இரவு தங்குகிறான். நடு இரவில் அந்தக் குடியானவனின் பசுவையே அவிழ்த்துக்கொண்டுபோய் மறைவாகக் கட்டிவைத்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்கிறான். விடியற்காலை இருவரும் சேர்ந்து நகரத்துக்குப் புறப்படுகிறார்கள். வழியில் திருடன், தனக்கு வரவேண்டிய கடனுக்கு ஈடாக ஒரு மாடு கிடைத்திருப்பதாகச் சொல்லி அதை ஓட்டிவருகிறான். தனக்குச் சந்தை வழக்கம் தெரியாது, நீங்களே நல்ல விலைக்கு விற்றுத் தாருங்கள் என்கிறான். மாடு தன் மாட்டைப் போலவே இருக்கிறதே என்று குடியானவன் வியந்துகொள்கிறான். வியந்துகொண்டே சந்தையில் சாமர்த்தியமாகப் பேரம் பேசி விற்று, பணத்தைத் திருடன் கையில் எண்ணிக் கொடுக்கிறான். பிறகு விடுதியில் குடி, கூத்து. அங்கேயும் திருடன் கைக்குக் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டுகிறான். அதன் பிறகுதான் விஷயம் தெரிகிறது.

இந்தக் கதையின் வடிவம் ஐரோப்பிய நாட்டார் கதைகளில் முன்பே உண்டு. பிரேடரோ சேர்த்தது அந்தக் குடியானவனின் சந்தைப் பெருமை. தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று அவன் நம்பும் திறமை எதுவோ, அதைக்கொண்டே அவன் தன் மாட்டை இழக்கிறான்.

இரண்டாவது, ‘மாவரைப்பவன் பிரகசனம்’. நகரக் கதவு சாத்தியபின் வந்து வெளியே மாட்டிக்கொண்ட ஒரு பெண், இரவு தங்க ஆலைக்காரன் வீட்டுக்கு வருகிறாள். அவனுக்கு அவள்மேல் கண். அவளும் ஆலைக்காரன் மனைவியும் சேர்ந்துகொண்டு இருட்டில் இடம் மாறிப் படுக்கிறார்கள். ஏமாந்தது தெரியாத ஆலைக்காரன் தன் ‘வெற்றியில்’ தன் வேலையாளுக்கும் பங்கு கொடுக்கிறான். விடிந்தபின் யாருடைய மானம் போயிற்று என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டிலும் கெட்டிக்காரன் தன் கெட்டிக்காரத்தனத்திலேயே வழுக்கி விழுகிறான். ஒரு முக்கியமான வேறுபாடும் உண்டு. குடியானவனை ஏமாற்ற வெளியிலிருந்து ஒருவன் வரவேண்டியிருந்தது. ஆலைக்காரனுக்கு அவனே போதும். பிரேடரோவின் நகைச்சுவை முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கிப் போகிறது.

கறுப்புப் பெண்ணும் ஆம்ஸ்டர்டாம் வணிகர்களும்

1615இல் வந்தது ‘மூர்ட்யே’. ரோமானிய நாடகாசிரியர் டெரன்ஸின் ‘யூனுக்கஸ்’ நாடகத்தைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் வழி படித்து, ஆதென்ஸை ஆம்ஸ்டர்டாமாக்கி எழுதியது. மூலத்தில் ஒரு அலிப் பணியாளன் பரிசாகக் கொடுக்கப்படுவான். அவனைப் போல வேடமிட்டு இளைஞன் ஒருவன் வீட்டுக்குள் நுழைவான். பிரேடரோ அந்த இடத்தில் ஒரு கறுப்பின அடிமைப் பெண்ணை வைத்தார். காக்கர்லாக் என்ற ஒட்டுண்ணிப் பாத்திரம் நகரச் சந்தைகளைச் சுற்றிவந்து சொல்லும் நீண்ட பேச்சு இந்த நாடகத்தில் இருக்கிறது. அன்றைய ஆம்ஸ்டர்டாமின் கடைகளை அறிய வரலாற்றாசிரியர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

இந்த நாடகத்தில் ஒரு பாத்திரம், மனிதர்களைக் குதிரைகளைப் போல விற்கும் வழக்கத்தைக் கடவுளுக்கே அடுக்காத அக்கிரமம் என்று கண்டிக்கிறது. இந்த நகரத்திலேயே அந்த வியாபாரம் செய்பவர்கள் இருக்கிறார்கள், பிரேசிலின் பெர்னம்புகோவரை அவர்கள் கை நீள்கிறது என்று மேடையிலிருந்தே சொல்கிறது. 1615க்கு இது துணிச்சலான பேச்சு. பார்வையாளர் வரிசையிலேயே அப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்திருந்திருக்கலாம். அதே நாடகம் அந்தப் பெண்ணின் நிறத்தை வேடிக்கையாகவும் பயன்படுத்துகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கண்டிப்பும் கேலியும் ஒரே கையால் எழுதப்பட்டவை. பிரேடரோவை மகானாக்க நான் இங்கே வரவில்லை.

இந்த இடத்தில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அந்த நாடகம் ஆடப்பட்டபோது டச்சுக் கம்பெனி பழவேற்காட்டில் காலூன்றி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டை எழுந்துவிட்டது. அடுத்த பத்தாண்டுகளில் அந்தத் துறைமுகத்திலிருந்து துணி மூட்டைகளோடு அடிமைகளாக மனிதர்களும் ஜாவாத் தீவின் பட்டேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். மேடையில் எழுந்த அந்தக் கண்டனம் பிரேசிலைக் குறித்தது. சோழமண்டலக் கடற்கரைக்கும் அது பொருந்தப்போகிறது என்று அந்த அரங்கில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஸ்பானியப் பிராபாண்டுக்காரன்

இனி அவருடைய பெரும் படைப்பு. 1617இல் எழுதி ஆடப்பட்டு, 1618இல் அச்சானது ‘ஸ்பானியப் பிராபாண்டுக்காரன்’. கதைக்கரு ஸ்பானிய மொழியில் 1554இல் வெளியான, ஆசிரியர் பெயர் தெரியாத ‘லசாரியோ டி டோர்மெஸ்’ நாவலிலிருந்து வந்தது. அதன் மூன்றாவது பகுதியில் பசியோடிருக்கும் ஒரு சிறுவன் ஒரு பிரபுவிடம் வேலைக்குச் சேர்கிறான். பிரபுவோ அவனைவிடப் பெரிய பட்டினி. சிறுவன் பிச்சையெடுத்து எசமானுக்குச் சோறு போட வேண்டியதாகிறது.

பிரேடரோ அந்தப் பிரபுவை ஆன்ட்வெர்ப்பில் கடன்பட்டு ஓடிவந்த யெரோலிமோவாக்கினார். சிறுவனை ஆம்ஸ்டர்டாம் தெருப் பேச்சு பேசும் ரோபெக்னோலாக்கினார். திரை விலகியதும் யெரோலிமோ வாய் திறக்கிறான்: ஊர் அழகுதான், ஆனால் சனங்கள் அழுக்கு, எங்கள் பிராபாண்டில் எல்லோரும் நடையிலும் உடையிலும் அப்பழுக்கில்லாதவர்கள். அடுத்து மொழிச் சண்டை. தங்கள் பேச்சு வீரமும் இனிமையும் நிறைந்தது என்று அவன் பிரெஞ்சுச் சொற்களை அள்ளித் தெளித்துச் சொல்ல, நாலு மொழியிலிருந்து பிய்த்துத் தைத்த ஒட்டுத்துணிப் பேச்சு அது என்ற ரீதியில் வேலைக்காரப் பையன் திருப்பித் தருகிறான். பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். பையன் சொல்வது, மாடியில் கூடிய புலவர் சங்கத்தின் தூய்மைக் கொள்கையேதான்!

இதுவரை நாடகம் உள்ளூர்க்காரர்களின் பக்கம்.

அடுத்து ரொட்டிக் காட்சி. பையன் வாசல் வாசலாகக் கேட்டு வாங்கிவந்த ரொட்டியையும் இறைச்சியையும் தின்ன உட்காருகிறான். எசமானுக்கு வயிறு எரிகிறது. கேட்க வாய் வரவில்லை. ரொட்டி நன்றாகச் சுட்டிருக்கிறதே என்று பாராட்டுகிறான். இப்படிச் சாப்பிடுவதைப் பார்த்தால் சாப்பிட்டவனுக்கும் பசி வரும் என்கிறான். பையனுக்குப் புரிந்துவிடுகிறது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல், கொஞ்சம் ருசி பாருங்கள் ஐயா என்று தானே நீட்டுகிறான். பசியைக் கேலி செய்ய இதைவிட நல்ல வாய்ப்பு ஒரு நகைச்சுவை ஆசிரியனுக்குக் கிடைக்காது. ஆனால் அந்தப் பையன் எசமானின் மானத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிறான். நாடகம் முழுவதிலும் கைம்மாறு எதிர்பாராமல் கொடுப்பவர்களைத் தேடினால், அகப்படுபவர்கள் இந்தப் பிச்சைக்காரப் பையனும் அவனுக்குச் சோறு போடும் நூல் நூற்கும் பெண்களும்தான்.

மற்ற ஊர்க்காரர்களைப் பாருங்கள். கிழவர்கள் சிலர் கூடி உட்கார்ந்து, வந்தேறிகளால் ஊர் கெட்டுப்போயிற்று, திவாலானவனெல்லாம் ஓடிவந்து கனவானாக நடிக்கிறான் என்று புலம்புகிறார்கள். வெளியூர்ப் பிச்சைக்காரர்களுக்குத் தடை என்று நகர மன்றத்தின் அறிவிப்பு வருகிறது. பையனின் பிழைப்பே அதனால் ஆட்டம் காண்கிறது. டிரேய்ன் யான்ஸ், பிளேக்க ஆன் என்ற இரண்டு விலைமாதர் தாங்கள் இந்தத் தொழிலுக்கு வந்த கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தக் கதைகளில் கெடுத்தவர்களாக வருவோர் கௌரவமான வீட்டு ஆண்கள். இந்த வேடங்களையும் அன்று ஆண்களே ஆடினார்கள். ஆம்ஸ்டர்டாம் மேடையில் முதல் நடிகை தோன்ற 1655வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறகு கடன் கொடுத்தவர்கள். வீட்டுச் சொந்தக்காரன் கஞ்சன் கேரார்ட், பழைய சாமான் வாடகைக்கு விடும் பயாட்ரிஸ், இன்னும் சிலர். யெரோலிமோவின் வீட்டிலிருப்பது எல்லாம் கடன் வாங்கியவை. இவர்கள் அவனை நம்பியது எதனால்? அவனுடைய அங்கி, அவனுடைய நடை, அவனுடைய பிரெஞ்சு. வந்தேறிகளின் பகட்டைத் திட்டிய ஊர், அந்தப் பகட்டுக்குத்தான் கடன் கொடுத்திருக்கிறது. சில்லறை மாற்றி வருகிறேன் என்ற கதையாக அவன் நழுவிவிட, கதவைத் திறந்து பார்த்தால் வீடு காலி. கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள்; ஒருவர்மேல் ஒருவர் பாய்கிறார்கள். யெரோலிமோ மேடையிலேயே இல்லை. அரங்கத்தின் சிரிப்பு முழுவதும் ஆம்ஸ்டர்டாம்காரர்கள்மேல் விழுகிறது.

ஆலைக்காரன் கதைதான் இது. இம்முறை ஒரு நகரத்தின் அளவுக்கு விரிந்திருக்கிறது. ஏமாற்றுபவன் வெளியிலிருந்து வந்திருக்கலாம். ஏமாறும் ஆசை ஊருக்குள்ளேயே இருந்தது.

நாடகம் நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த பழைய கதை என்று பிரேடரோ முன்னுரையில் சொல்லிக்கொள்கிறார். உயிரோடிருப்பவர் யாரும் தன்னைத்தான் சொல்கிறான் என்று சண்டைக்கு வரக்கூடாதே என்ற முன்னெச்சரிக்கை அது. எவரை அவர் குறிவைத்தார் என்று ஊருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அரங்கமும் முடிவும்

அந்த 1617ஆம் ஆண்டே எக்லன்டியர் சங்கம் உடைந்தது. மருத்துவரும் நாடகாசிரியருமான சாமுவேல் கோஸ்டர் பிரிந்துபோய் கைசர்ஸ்க்ராக்ட் கால்வாய்க் கரையில் மரத்தாலான ஓர் அரங்கத்தைக் கட்டினார். ஹோஃப்டும் பிரேடரோவும் உடன் போனார்கள். நாடகத்தோடு, லத்தீன் தெரியாத பொதுமக்களுக்குத் தாய்மொழியிலேயே அறிவியல் கற்பிப்பதும் கோஸ்டரின் திட்டம். வருவாயில் ஒரு பகுதி நகர அநாதை இல்லத்துக்குப் போனது. திருச்சபைக்காரர்களின் எதிர்ப்பில் பாடத்திட்டம் சீக்கிரமே நின்றுபோனாலும் அரங்கம் நிலைத்தது. 1638இல் அதே இடத்தில்தான் ஆம்ஸ்டர்டாமின் புகழ்பெற்ற நகர நாடக அரங்கம் எழுந்தது.

பிரேடரோ அதைப் பார்க்கவில்லை. திருமணம் ஆகவில்லை. ரூமர் விஸ்ஸரின் மகள் மரியா டெசல்ஸ்காடெக்கு 1616இல் ஒரு நாடகத்தைக் காணிக்கையாக்கினார். பிற காதல்களும் கைகூடவில்லை. நகரக் காவல் படையில் கொடி ஏந்தும் பொறுப்பில் இருந்தார். 1618 ஆகஸ்ட் 23 அன்று இறந்தார். அவருடைய பாடல்களை, வேடிக்கை, காதல், பக்தி என மூன்று பகுதிகளாக வான் டெர் பிளாஸ் என்ற பதிப்பாளர் 1622இல் பெரிய தொகுதியாக வெளியிட்டார். அதிலுள்ள குடியானவர் விருந்துப் பாடல் கும்மாளத்தில் தொடங்கிக் கத்திக்குத்தில் முடிகிறது. கிடைக்காமல் போன அவருடைய ஓவியங்கள் எப்படி இருந்திருக்கும் என்று அதைப் படித்தால் ஊகிக்கலாம்.

‘ஸ்பானியப் பிராபாண்டுக்காரன்’ ஆங்கிலத்துக்கு வர 1982வரை ஆயிற்று. காரணம் எளிது. அந்த நாடகத்தின் உயிரே இரண்டு வட்டார வழக்குகளின் மோதல். ஒரே நடையில் பெயர்த்தால் கதை மிஞ்சும், நாடகம் மிஞ்சாது. வட்டார வழக்கில் இவ்வளவு வளமான எழுத்து மரபு உள்ள தமிழில் அது சாத்தியம் என்று நம்புகிறேன். இங்கே இருக்கும் மாணவர்களில் ஒருவர் அதைக் கையிலெடுத்தால், அறக்கட்டளையை நிறுவியவர்களின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வேன்.

வெளியூர்க்காரனைக் கேலி செய்வது நகைச்சுவையில் மிகச் சுலபமான வேலை. அவனுடைய உச்சரிப்பைக் கொஞ்சம் இழுத்துக் காட்டினால் கைதட்டல் வந்துவிடும். பிரேடரோவும் அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டவர்தான். முதல் காட்சியிலேயே வாங்கிவிட்டார். மற்ற நான்கு அங்கங்களில் அவர் அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்தார். சிரித்த ஒவ்வொருவனையும் மேடைக்கு இழுத்து, அவனுடைய பேராசையையும் அவன் மயங்கிய பகட்டையும் அவன் வாய்மொழியிலேயே பேசவைத்தார். நகைச்சுவை எழுதுபவருக்கும் அதை மதிப்பிடுபவருக்கும் இது ஒரு நல்ல அளவுகோல்: கேலிக்கு ஆளானவன் மேடையை விட்டுப் போனபிறகும் சிரிப்பு தொடர்கிறதா, தொடர்ந்தால் அது யாரைப் பார்த்து? இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லும் நாடகங்கள் குறைவு. நானூறு ஆண்டுகள் கழித்தும் ‘ஸ்பானியப் பிராபாண்டுக்காரன்’ அவற்றில் ஒன்றாக இருக்கிறது.